படி மாறாத ஆக்களுக்கு ஒரு வேலை

டாவோஸ் எண்டதும் உலகப் பொருளாதார மன்றம்தான் ஞாபகம் வரும். ஆனா 1907இல இருந்தே அங்க சூரியக் கதிர்வீச்சை அளக்கிற ஒரு ஆய்வுக்கூடம் இருக்கு: பி.எம்.ஓ.டி. அவை செய்த ‘டாரா’ எண்ட கருவி, ஐரோப்பாவின்ர புரோபா-3 செயற்கைக்கோளோட 2024 டிசம்பர் 5 அண்டு மேல போனது. எங்கயிருந்து? சென்னைக்கு வடக்கால இருக்கிற சிறீஹரிகோட்டாவில இருந்து, இஸ்ரோ ராக்கெட்டில!

மேல போனபிறகு ஒருத்தரும் தூசி தட்டேலாது. அதாலதான் விண்வெளிக் கருவிகளைக் கிளீன் ரூமில வச்சுப் பூட்டுறது. ஐ.எஸ்.ஓ. 5 தரமெண்டா, ஒரு கன மீட்டர் காத்தில அரை மைக்ரோமீட்டரும் அதுக்கு மேலயும் உள்ள துகள்கள் 3,520ஐத் தாண்டக்கூடாது. சாதாரண அறையில அது கோடிக்கணக்கில இருக்கலாம்.

அங்க பெரிய தூசி மனுசர்தான்: தோல், முடி, மேக்கப். அதால தலைமூடி, உடுப்பு, சப்பாத்து, கையுறை எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு. ஒவ்வொரு ஆணியையும் எவ்வளவு இறுக்கினது எண்டு எழுதிக் கையெழுத்து வைக்கோணும். பிழை விட்டா மறைக்காமல் அதையும் எழுதோணும்.

“சொன்னதை மட்டும்தான் செய்வாய், சொந்தமா யோசி” எண்டு பேச்சு வாங்கின ஆளா நீங்கள்? இங்க அந்தக் குணத்துக்குத்தான் மதிப்பு. விண்வெளி மட்டுமில்லை, சுவிஸில மருந்து, மருத்துவக் கருவி, சிப் கொம்பனிகளிலயும் கிளீன் ரூம் இருக்கு. பொலிமெக்கானிக்கர், எலெக்ட்ரோனிக்கர் லேரே நாலு வருசம். அடுத்த ஷ்னுப்பர்லேரேக்குப் போகேக்க, “கிளீன் ரூமையும் காட்டுவீங்களோ?” எண்டு கேட்டுப் பாருங்கோ.