ஊட்டி ஏரியைப் பார்த்து நிற்கும் தேவாலயம்

குன்றின் மேல் தேவாலயம் என்றால் அந்தமானில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ராஸ் தீவுதான் நினைவுக்கு வரும். 2018 முதல் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். அங்கே கூரையிழந்த சுவர்களை மர வேர்கள் பற்றியிருக்கின்றன. விடுமுறைக்குத் தாயகம் போகிறவர்கள் ஊட்டியில் வழிபாடு நடக்கும் ஒரு பழைய தேவாலயத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கு மேலே மேட்டில் இருக்கிறது புனித தோமா தேவாலயம். 1867-இல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் கீழே உள்ள ஏரி இயற்கையானதல்ல. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1823-25-இல் ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. மூன்று தடவை கரை உடைந்து நீரெல்லாம் ஓடிவிட்டதாம். மண்கரை போட்டவர்களுக்கு அந்த வேதனை தெரியும்! பிறகு ஏரியும் சுருங்கிற்று. இன்றைய பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் அன்று தண்ணீர் நின்ற இடங்கள்.

தேவாலயத் தோட்டத்தில் உயர்ந்த தூணோடு நிற்பது சென்னை மாகாண கவர்னர் வில்லியம் பாட்ரிக் ஆடமின் கல்லறை. பதவியேற்று ஆறு மாதம் நிறையுமுன்பே, 1881 மே மாதம் ஊட்டியில் காலமானார்.

நான் தேடிப்போனது அதையல்ல. ஜோசையா ஜான் குட்வின் என்ற ஆங்கிலேயரின் கல்லறையை. அவர் சுருக்கெழுத்தாளர். 1895-இல் நியூயார்க்கில் விவேகானந்தரின் பேச்சுகளை எழுதக் கூலிக்கு அமர்த்தப்பட்டார். கொஞ்ச நாளில் கூலி வேண்டாமென்று சீடராகிவிட்டார். 1897 ஜனவரியில் சுவாமியோடு கொழும்பில் இறங்கி, பாம்பன், ராமநாதபுரம், சென்னை என்று கூடவே வந்து எழுதினார். சுவாமி பெரும்பாலும் குறிப்பு வைத்துக்கொண்டு பேசுகிறவரல்லர். நம் முன்னோர் நேரில் கேட்ட அந்தச் சொற்பொழிவுகளை நாம் இன்று புத்தகத்தில் படிக்கிறோம் என்றால், அது பெரிதும் இவர் பென்சிலால்தான்.

1898 ஜூன் 2-ஆம் தேதி குடற்காய்ச்சலில் ஊட்டியில் இறந்தார். வயது 27. சுவாமி அப்போது அல்மோராவில் இருந்தார். இங்கிலாந்திலிருந்த குட்வினின் தாய்க்கு ஒரு கவிதை எழுதி அனுப்பினார்.

அன்று ஊட்டிக்கு ரயில் கிடையாது. பல்சக்கரப் பாதை குன்னூரை எட்டியது 1899-இல், ஊட்டிக்கு வண்டி வந்தது 1908-இல். இப்போது மேட்டுப்பாளையத்தில் காலை வண்டி பிடித்தால் பிற்பகலுக்குள் போய்விடலாம். நிலையத்திலிருந்து தேவாலயத்துக்கு ஆட்டோ தேவையில்லை, நடக்கிற தூரம்தான்.