பன்னிரண்டு வருடம் கலையாத சங்கம்

ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பின மக்களின் அடிமைத்தனம் 1865 இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்றவர்களில் மிகப் பலரிடம் காணியும் இல்லை, கைமுதலும் இல்லை. தூரப் பயணப் புகையிரதங்களில் படுக்கைப் பெட்டிகளை நடத்திய புல்மன் கம்பனி இவர்களையே பணியாளராகச் சேர்த்தது. குறைந்த கூலிக்கு, எதிர்த்துப் பேசாமல் வேலை செய்வார்கள் என்பதே அதன் கணக்கு.

படுக்கை விரிப்பது, பொதி சுமப்பது, சப்பாத்துத் துடைப்பது, இரவில் மணியடித்தால் ஓடுவது இவர்களின் வேலை. மாதம் 400 மணித்தியாலம் வரை உழைத்தார்கள். 1920களின் நடுப்பகுதியில் அடிப்படைச் சம்பளம் 67.50 டொலர். சாப்பாட்டையும் சப்பாத்து மையையும் அதிலிருந்தே வாங்கவேண்டும். மிச்சத்துக்குப் பயணிகள் விரும்பிக் கொடுக்கும் சில்லறையை நம்பியிருந்தார்கள். கம்பனியைத் தொடங்கியவரின் பெயர் ஜோர்ஜ். அதனால் எல்லாப் பணியாளரையும் பயணிகள் 'ஜோர்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். அடிமையை எசமானின் பெயரால் அழைத்த பழைய வழக்கம் அது.

வெளியிலிருந்து ஒரு தலைவர்

சங்கம் பற்றிக் கதைத்தவர்கள் வேலை இழந்தார்கள். கம்பனி ஒற்றர்களை வைத்திருந்தது. தனக்குச் சார்பான சங்கமொன்றையும் நடத்தியது. ஆகவே தொழிலாளர்கள் பத்திரிகை ஆசிரியரான ஏ. பிலிப் ரன்டோல்ப்பை நாடினார்கள். அவர் கம்பனியின் சம்பளத்தில் வாழ்பவரல்ல. அவரைக் கம்பனி வேலைநீக்கம் செய்ய முடியாது. 1925 ஓகஸ்ட் 25 ஆம் திகதி நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் சங்கம் தொடங்கியது.

பெண்கள் காத்த சங்கம்

ஆண்கள் நாட்கணக்கில் புகையிரதத்தில். சங்கத்தை ஊரில் காத்தவர்களில் அவர்களுடைய மனைவிமார் முக்கியமானவர்கள். வாஷிங்டனில் ரொசினா டக்கர் என்பவர் வீடு வீடாகச் சென்று இரகசியமாகச் சந்தா சேர்த்தார். இதையறிந்த கம்பனி அவருடைய கணவரை வேலையால் நிறுத்தியது. ரொசினா நேரே மேலதிகாரியிடம் போய் வாதாடினார். கணவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

விழுந்தும் எழுந்தார்கள்

1928 இல் வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டது. கம்பனியோ மாற்று ஆட்களைத் தயாராக வைத்திருந்தது. கடைசி நேரத்தில் வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. பலர் நம்பிக்கையிழந்து விலகினார்கள். சில வருடங்களில் அங்கத்தவர் தொகை ஆயிரத்துக்கும் கீழே போயிற்று. மிஞ்சியவர்கள் சங்கத்தைக் கலைக்கவில்லை.

1934 இல் புகையிரதத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டு, இவர்களுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. 1935 இல் நடந்த வாக்கெடுப்பில் கம்பனியின் சங்கத்தை இவர்கள் தோற்கடித்தார்கள். 1937 ஓகஸ்ட் 25 ஆம் திகதி, சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, கம்பனி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது. மாத வேலை 240 மணித்தியாலமாகக் குறைந்தது, சம்பளமும் கூடியது.

சங்கத்தில் பழகிய துணிவு அதோடு நிற்கவில்லை. 1955 இல் மொன்ட்கொமரி நகரில் கறுப்பின மக்கள் பஸ்களைப் பகிஷ்கரித்தபோது அதை முன்னின்று ஒழுங்குசெய்தவர்களில் ஒருவரான ஈ. டி. நிக்சன், இதே சங்கத்தின் உள்ளூர்த் தலைவர்.

சட்டம் உதவிக்கு வந்தது உண்மை. ஆனால் அது வரும்போது அதைப் பிடித்துக்கொள்ள ஒரு சங்கம் உயிரோடு இருந்தது. அந்தச் சில நூறு பேரும் ரொசினா போன்ற பெண்களும் வைத்துக் காத்தது அதைத்தான்.

கூடிப் பேசுவதற்கு:
1. தலைவர் கம்பனிக்கு வெளியே இருந்தது ஏன் பலமாயிற்று?
2. 1928 இன் பின் சங்கம் கலைந்திருந்தால் 1934 இன் சட்டம் யாருக்குப் பயன்பட்டிருக்கும்?