ஓய்வுநாளும் உழைப்பும் (கிறித்தவம்)

ஓய்வுநாள் என்பது வாரத்தில் ஒரு நாளை அன்றாட வேலையிலிருந்து விலக்கி, இறைவழிபாட்டுக்கும் இளைப்பாறுதலுக்கும் ஒதுக்கும் வழக்கமாகும். இதைக் குறிக்கும் 'சபாத்' என்னும் எபிரேயச் சொல் 'நிறுத்துதல்', 'ஓய்தல்' என்று பொருள்படும் வேர்ச்சொல்லோடு தொடர்புடையது. யூத சமயத்திலிருந்து கிறித்தவத்துக்கு வந்த இவ்வழக்கம் வேலையை இழிவாகக் கருதுவதில்லை. வேலைக்கு ஓர் எல்லை வகுக்கிறது.

கட்டளையும் அதன் இரு காரணங்களும்

பத்துக் கட்டளைகள் விவிலியத்தில் இரண்டு இடங்களில் உள்ளன: விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 20ஆம் அதிகாரம், இணைச் சட்டம் (உபாகமம்) 5ஆம் அதிகாரம். ஆறு நாள் உழைக்கவும் ஏழாம் நாள் ஓய்ந்திருக்கவும் இரண்டுமே கட்டளையிடுகின்றன. ஆனால் அவை கூறும் காரணங்கள் வேறு. கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்தார் என்பது முதலாவது. இசுரயேலர் எகிப்தில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டனர் என்பது இரண்டாவது.

இரண்டாம் காரணம் கவனிக்கத்தக்கது. அடிமையின் நேரம் அவன் கையில் இல்லை. அந்நிலையிலிருந்து மீண்டவர்கள் தங்கள் கீழுள்ளவர்களை ஓயாமல் வேலை வாங்கலாகாது. அதனால்தான் மகன், மகள், வேலைக்காரர், மாடு, கழுதை, ஊரில் தங்கியிருக்கும் அந்நியர் என எல்லாரையும் கட்டளை குறிப்பிடுகிறது.

பாலைநிலத்தில் கிடைத்த மன்னா பற்றிய பகுதி (விடுதலைப் பயணம் 16) மற்றொரு பாடம் தருகிறது. ஆறாம் நாளில் மக்கள் இரட்டிப்பாகச் சேர்த்துக்கொண்டனர். ஏழாம் நாளில் அது கிடைக்கவில்லை. ஓய்வுக்கு முன்கூட்டியே ஆயத்தம் வேண்டும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

இயேசுவின் போதனை

இயேசு ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்துக்குச் செல்வது வழக்கம். அதே நாளில் நோயாளரைக் குணமாக்கவும் செய்தார். குழியில் விழுந்த ஆட்டை அந்நாளிலும் தூக்கிவிடுவார்களே, மனிதருக்கு உதவுவது தவறாகுமா என்பது அவர் வாதம் (மத்தேயு 12). மனிதரின் நன்மைக்காகவே ஓய்வுநாள் ஏற்பட்டது என்று அவர் விளக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை

இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் கிறித்தவர் ஞாயிற்றுக்கிழமை கூடி வழிபட்டனர். கி.பி. 321இல் உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அந்நாளைப் பொது ஓய்வுநாளாக்கினார். நீதிமன்றங்களும் பட்டறைகளும் மூடப்பட்டன. பருவம் தவறக்கூடாது என்பதால் உழவர்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையினர் இன்றும் வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வுநாள் காக்கின்றனர்.

உழைப்பின் மதிப்பு

ஆறு நாள் உழைப்பும் கட்டளையின் பகுதியே. திருத்தூதர் பவுல் கூடாரத் தொழில் செய்து பிழைத்தார். சோம்பித் திரிந்தவர்களைக் கண்டித்தார். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவற விதிமுறை உடலுழைப்பு, வாசிப்பு, செபம் மூன்றுக்கும் நேரம் பிரித்தது.

தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில், 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ எழுதிய சுற்றுமடல் தொழிலாளருக்கு ஞாயிறு ஓய்வு கிடைக்க வேண்டும் என்று வலியுறுத்தியது.

நடைமுறையில்

மருத்துவமனை, மின்வாரியம், பேருந்து போன்ற பணிகளை ஞாயிறன்று நிறுத்த முடியாது. அப்பணியில் இருப்போர் வேறொரு நாளில் ஓய்வு பெறுவது பொருத்தமானது. மாணவர்கள் வீட்டுப்பாடத்தைச் சனிக்கிழமையே முடித்துக்கொண்டால் ஞாயிறு சுமையாக இராது.

ஓய்வுநாளைக் காப்பவர், தமக்கு ஓய்வு கிடைத்ததா என்பதோடு, தம்மால் யாருடைய ஓய்வு கெடுகிறது என்றும் பார்க்க வேண்டும். ஆராதனை முடிந்து குடும்பம் இளைப்பாறும்போது, அடுப்படியில் ஒருவருக்கு மட்டும் மற்ற நாளைவிட வேலை கூடினால், அந்த வீட்டில் கட்டளை பாதியே நிறைவேறியது. காய் நறுக்குவதையும் பாத்திரம் துலக்குவதையும் எல்லாரும் பகிர்ந்துகொண்டால் மீதிப் பாதியும் நிறைவேறும்.