குப்பைக்கு ஒரு தராசு

வீட்டில் நேற்று மிஞ்சியது எவ்வளவு என்று கேட்டால் எந்தக் குடும்பத் தலைவியும் சரியாகப் பதில் சொல்ல மாட்டாள். பொய் சொல்வாள் என்பதல்ல, அவளுக்கே தெரியாது! அரிசி எத்தனை கிலோ, பால் எத்தனை லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கும் அதே கைதான், ஊசிப்போன குழம்பையும் வாடிப்போன கீரையையும் கொட்டும்போது மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. சமையலறைக்குள் வருவதற்குக் கணக்கு உண்டு. வெளியே போவதற்குக் கிடையாது.

தென்கொரியாவின் தலைநகரான ஸியோலில், வெளியே போவதற்கும் கணக்கு வைக்க ஒரு யந்திரத்தை அமர்த்தியிருக்கிறார்கள்.

இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி வைத்தபின், ஒரு கொரிய அம்மாள் தன் அடுக்குமாடி வீட்டிலிருந்து சின்ன வாளியோடு கீழே இறங்கி வருவதாக வைத்துக் கொள்ளுங்கள். வாசலோரத்தில் ஆளின் இடுப்புயரத்துக்கு ஒரு பெட்டி நிற்கிறது. கையிலிருக்கும் அட்டையை அதன் முகத்தில் காட்டுகிறாள். "திற ஸேஸமே" என்று சொல்லாமலே மூடி திறந்து கொள்கிறது! வாளியிலிருப்பதைக் கொட்டுகிறாள். மூடி மூடிக் கொள்கிறது. உடனே பெட்டியின் முகத்தில் எழுத்துக்கள் தோன்றுகின்றன: இன்று போட்டது இத்தனை கிலோ, அதற்குக் கட்டணம் இத்தனை வோன். மாதக் கடைசியில், கட்டடப் பராமரிப்புக்கான பில்லோடு இந்தத் தொகையும் சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடும்.

இதில் மாய மந்திரம் ஒன்றுமில்லை. அட்டைக்குள் கடுகத்தனை சிப் ஒன்றும், அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கின்றன. பாட்டரி கிடையாது. பெட்டி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே வேண்டிய சக்தியைப் பெற்றுக்கொண்டு, "நான் இன்ன வீட்டு அட்டை" என்று அது பதில் சொல்கிறது. ஆர்.எப்.ஐ.டி. என்று இந்த முறைக்குப் பெயர். பெட்டியின் அடியில் தராசு இருக்கிறது. வீட்டின் எண்ணும் எடையும் தந்தியில்லாமல் கம்ப்யூட்டருக்குப் போய்விடுகின்றன. மளிகைக் கடைத் தராசையும் பற்று நோட்டையும் சேர்த்துக் கட்டிய மாதிரிதான்!

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். அதற்கு ஹான் நதிக்கரையில் உள்ள நான்ஜிடோவின் கதையைச் சொல்ல வேண்டும். செடிகளும் மலர்களும் நிறைந்த தீவாக இருந்த இடம் அது. பெயரிலேயே ஆர்க்கிட் மலர் இருக்கிறது. 1978 முதல் 1993 வரை ஸியோல் நகரம் தன் குப்பையை அங்கே கொண்டுபோய்க் கொட்டிற்று. பதினைந்தே ஆண்டுகளில் சுமார் 9 கோடி டன்! தட்டையாக இருந்த தீவு கிட்டத்தட்ட நூறு மீட்டர் உயரமுள்ள இரட்டை மலையாகி விட்டது. பிற்பாடு மண்ணைப் போட்டு மூடி, 2002-ல் உலகக் கால்பந்துப் போட்டியை ஒட்டி அதைப் பூங்காவாக்கினார்கள். இன்று ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு அங்கே நாணல் பூக்கள் பார்க்கப் போகிறார்கள். காலுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று குழந்தைகளுக்கு யார் சொல்வார்கள்?

இப்படி இன்னொரு மலை வேண்டாம் என்றுதான் சட்டம் மேல் சட்டமாகப் போட்டார்கள். 1995-ல் குப்பையைக் காசு கொடுத்து வாங்கிய பையில்தான் போட வேண்டும் என்றார்கள். 2005-ல் உணவுக் கழிவை அப்படியே நிலத்தில் புதைப்பதைத் தடுத்தார்கள். 2013-ல் அதிலிருந்து வடியும் நீரைக் கடலில் விடுவதும் நின்றது. நிலமும் மூடியாயிற்று, கடலும் மூடியாயிற்று. அதே 2013-ல்தான், எவ்வளவு போடுகிறீர்களோ அவ்வளவுக்குக் கட்டணம் என்ற முறை உணவுக் கழிவுக்கு நாடெங்கும் வந்தது.

ஆனால் கட்டணம் மட்டும் போதவில்லை. அடுக்குமாடி வீடுகளில் கட்டடம் முழுவதும் சேர்ந்த கழிவுக்கு ஆன செலவை எல்லா வீடுகளுக்கும் சமமாகப் பிரித்துப் போட்டார்கள். யந்திரம் வராத கட்டடங்களில் இது இன்னமும் உண்டு. பத்துப் பேர் ஓட்டலுக்குப் போய் பில்லைச் சமமாகப் பங்கிட்டால் என்ன ஆகும்? இரண்டு இட்லியோடு எழுந்தவருக்கு வயிறு எரியும். அல்வாவும் நெய் ரோஸ்ட்டும் சாப்பிட்டவருக்கு வயிறு குளிரும். அடுத்த தடவை இட்லிக்காரரும் அல்வா கேட்பார்! சிக்கனமாக இருந்த கொரியக் குடும்பத்தின் நிலையும் இதுதான். மிச்சப்படுத்தினாலும் அதே தொகை. மிதமிஞ்சிக் கொட்டினாலும் அதே தொகை.

இந்த அநியாயத்தைத்தான் தராசு தீர்த்தது. இத்தனைக்கும் கட்டணம் பிரமாதமல்ல. ஸியோலின் பல வட்டாரங்களில் கிலோவுக்கு 130 வோன் என்று வைத்தார்கள். நம் பணத்தில் பத்து ரூபாய்கூட ஆகாது. அந்தப் பத்து ரூபாயை விட, கண்ணெதிரே தோன்றும் எண்தான் அதிகமாக உறுத்துகிறது என்பது என் அபிப்பிராயம். "இன்றைக்கு இவ்வளவா?" என்ற கேள்வியை மாமியார் கேட்டால் சண்டை வரும். யந்திரம் கேட்டால் யாரோடு சண்டை போடுவது? ஸியோலில் சுமார் ஆறாயிரம் பெட்டிகளை வைத்து, ஆறு ஆண்டுகளில் 47,000 டன் உணவுக் கழிவு குறைந்தது என்று நகர அதிகாரிகள் 2019 வாக்கில் கணக்குக் காட்டினார்கள். 1995-ல் கொரிய நாட்டின் உணவுக் கழிவில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் மறுபடி உபயோகமாயிற்று; பிறகு அது 95 பங்குக்கு ஏறியது.

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பதில்தான் வேடிக்கை. கழிவின் பெரும் பகுதி கால்நடைத் தீவனமாகவும் எருவாகவும் மாறுகிறது. ஆகவே, "மிருகம் தின்னுமா?" என்பதே பரீட்சை. முட்டை ஓடு, எலும்பு, நண்டு ஓடு, பழக்கொட்டை, வெங்காயச் சருகு, தேயிலைச் சக்கை எல்லாம் இந்தப் பெட்டிக்கு ஆகாது. சாதாரணக் குப்பைப் பைக்குத்தான் போக வேண்டும். வெங்காயத்தை உரித்துவிட்டுச் சருகை ஒரு கையிலும் அழுகலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு யோசிக்கிற நிலைமை! நவம்பர் மாதம் வந்தால் குளிர்காலம் முழுமைக்கும் கிம்ச்சி ஊறுகாய் போடும் திருவிழா. வீட்டுக்கு வீடு மலைபோல் முட்டைக்கோஸ் இலை குவியும். அந்தச் சில வாரங்களுக்குப் பல வட்டாரங்களில் விதியைத் தளர்த்தி, பச்சை இலைகளைச் சாதாரணப் பையில் போட விடுகிறார்கள். சட்டம் எழுதியவர் வீட்டிலும் ஊறுகாய் போட்டிருப்பார்கள் போலும்.

தராசு என்றால் தராசை ஏமாற்றும் வழியும் உண்டல்லவா? உணவுக் கழிவில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். நன்றாகப் பிழிந்து வடித்துப் போட்டால் கட்டணம் குறையும். இது நல்ல பழக்கந்தான். அதிகாரிகளே சொல்லித் தருகிறார்கள். இன்னும் சிலர் ஒருபடி மேலே போய், மிச்சத்தை மின்சாரத்தில் சுடவைத்து உலர்த்தும் யந்திரத்தை வாங்கி வைத்திருக்கிறார்கள். எடை குறைகிறது, வாஸ்தவம். ஆனால் சோறு வீணானது வீணானதுதானே? மின்சாரமும் சேர்ந்து செலவாகிறது. தராசுக்கு எடைதான் தெரியும். அது பசிக்கு ஆகியிருக்க வேண்டிய சோறா, வெறும் தோலா என்பது அதற்குத் தெரியாது. பெட்டியின் கணக்கைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பெட்டியைத் தாண்டிய பிறகும் சங்கடம் தீரவில்லை. கொரியச் சமையலில் உப்பும் மிளகாயும் தாராளம். அந்த மிச்சத்தில் செய்த எருவிலும் உப்பு இருக்கும் என்று விவசாயிகள் தயங்குகிறார்கள். 2019-ல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் வந்ததும், பன்றிகளுக்கு மிச்சச் சோறு போடுவதற்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. இன்று சில ஆலைகளில் கழிவை நொதிக்க வைத்து எரிவாயு எடுக்கிறார்கள். எந்த வீட்டிலிருந்து எத்தனை கிலோ வந்தது என்பது கம்ப்யூட்டருக்குத் துல்லியமாகத் தெரியும். அத்தனையும் எந்த வயலில் போய்ச் சேருவது என்பதற்குத்தான் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.