கிராஜுவேட் என்னும் சொல்

‘கிராஜுவேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர், படி எனப் பொருள்படும் ‘கிராதுஸ்’ என்ற இலத்தீன் சொல்லாகும். அளவுகோலில் படிப்படியாகக் கோடிடுதலையும் அச்சொல் உணர்த்தும். நாம் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரையே கிராஜுவேட் என்கிறோம். அமெரிக்கரோ உயர்நிலைப் பள்ளியை முடித்தவரையும் அவ்வாறே அழைப்பர். அவர்கள் ‘கிராஜுவேட் மாணவர்’ எனக் குறிப்பது, நாம் முதுகலை மாணவர் என்பவரை. ஆகவே, அந்நாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிப்போர் இவ்வேறுபாட்டை அறிந்தே படிவத்தை நிரப்புதல் வேண்டும்.

சொல்லின் வேரை மறவாதிருத்தலும் நன்று. 1883-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற காதம்பினி கங்குலி, சந்திரமுகி பாசு இருவரும் நம் நாட்டின் முதற் பெண் பட்டதாரிகள். அவர்கள் அவ்வளவில் நின்றாரில்லை. முன்னவர் மருத்துவரானார், பின்னவர் எம்.ஏ. பட்டமும் பெற்று, பெத்தூன் கல்லூரியின் முதல்வரானார். பட்டமும் ஒரு படியே என்பதை அவர்கள் வாழ்விலிருந்து நாம் அறிகிறோம்.