தன் குஞ்சு பொன்குஞ்சு

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த குடும்பங்கள் நாம். தொலைவில் உள்ளோர் நமக்காகப் படும் கவலையை நன்கறிவோம். ஆதலின் 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிகழ்ந்ததை நாம் மறத்தலாகாது.

தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர் என்ற வதந்தி கைப்பேசிகளின் வழியே பரவிற்று. சான்றாகக் காட்டிய காணொளிகளுள் ஒன்று, திருப்பூரில் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் தமக்குள் இட்டுக்கொண்ட சண்டை. மற்றொன்று, கோயம்புத்தூரில் உள்ளூராரிடையே எழுந்த தகராறு. தமிழ்நாட்டுக் காவல்துறை இவ்வுண்மையை விளக்கிற்று. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் நேரில் வந்து விசாரித்தனர். எனினும் பீகார்ச் சட்டமன்றத்தில் அது கட்சிப் பூசலாகிவிட்டது.

மகனைத் தொலைவுக்கு அனுப்பிய தாய் சான்று கேட்டுக் காத்திருப்பாளோ? பாசம் அச்சத்தை எழுப்புகிறது. அச்சம் அறிவை முந்திக்கொள்கிறது. தலைவர்கள் அதனைத் தம் கட்சிக்குப் பயன்படுத்தும்போது, செய்தியை ஐயுறுவதே இனத்துரோகமாகத் தோன்றுகிறது. பின்னர் வரும் மறுப்பும், ‘உண்மையை மறைக்கின்றனர்’ என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. சதிக் கதைகள் வேரூன்றுவது இவ்வாறே.

கல்லாதார்க்கே இது நேரும் என்று எண்ண வேண்டா. அமெரிக்காவில் 1951-இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்வி நிலையங்களின் அணிகள் முரட்டுத்தனமான கால்பந்தாட்டம் ஒன்றில் மோதின. அதன் படத்தை இருசாரார்க்கும் காட்டி, ஆட்டக்காரர் செய்த பிழைகளை எண்ணச் சொன்னார்கள் ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்னும் இரு அறிஞர்கள். டார்ட்மத் அணியின் பிழைகள் பிரின்ஸ்டன் மாணவர் கண்ணுக்குச் சராசரி 9.8, டார்ட்மத் மாணவர் கண்ணுக்கோ 4.3! படம் ஒன்றே, பார்த்த கண்கள்தாம் வேறு. இவ்வாராய்ச்சி 1954-இல் வெளிவந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நம் பெரியோர் சொன்னது பாசத்தைக் குறித்து மட்டும் அன்று போலும்.

பம்பாயில் 1960-களின் பிற்பகுதியில், தென்னிந்தியரே வேலைகளைப் பறிக்கின்றனர் என்ற முழக்கத்தால் நம்மவர் துன்புற்றனர். பழி சுமத்தப்படுவதன் வலியை நாம் அறிவோம். அறிந்த நாமே, பிறர்மீது பழி கூறும் செய்தி நம் கைப்பேசிக்கு வந்தால், அது நமக்கு உவப்பானது என்பதற்காகவே அடுத்தவர்க்கு அனுப்பிவிடுகிறோம் அல்லவா?

பகைவரைப் பற்றிய செய்தியை ஐயுறுதல் அரிது. நம்மவரைப் புகழும் செய்தியை ஐயுறுதல் அதனினும் அரிது. ஆயினும் சினத்தையோ பெருமிதத்தையோ எழுப்பும் செய்தியை ஓரிரவு நம்மிடமே நிறுத்தி வைப்போம். இனப்பற்று தீதன்று; அது நம் கண்ணை மறைப்பதே தீது. அந்நிய ஊரில் அண்டை வீட்டாரை நம்பி வாழும் நமக்கு இந்நிதானம் அணிகலன் மட்டும் அன்று, காப்பும் ஆகும்.