சர்வாதிகாரி ஓடிப் போன பிறகு

சர்வாதிகாரி ஒருவனை விரட்டுவது மகா கடினமான காரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதைவிடக் கடினமான காரியம் ஒன்று உண்டு. அவன் விட்டுச் சென்ற ஆசனத்தில் இன்னொருவன் அதே தோரணையில் அமர்ந்துவிடாமல் காப்பதுதான் அது. வட ஆப்பிரிக்காவில், மத்தியதரைக் கடலோரமாக அமைந்த டுனீஷியா என்னும் சிறு தேசத்தின் வரலாறு இதற்குச் சாட்சி சொல்கிறது.

2010-ம் வருஷம் டிஸம்பர் 17-ந் தேதி. ஸிடி பூஸித் என்ற ஊரில் தள்ளுவண்டியில் பழமும் காய்கறியும் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்த முகம்மது பௌவஸீஸி என்னும் 26 வயது வாலிபனின் தராசை அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். முறையிடச் சென்ற இடத்தில் அவன் சொல்லைக் கேட்பார் இல்லை. மனமுடைந்த அவன் வீதியிலேயே தன் உடம்பில் தீ வைத்துக் கொண்டான். ஜனவரி 4-ந் தேதி அவன் ஆவி பிரிந்தது. அதற்குள் ஜனங்களின் ஆத்திரம் ஊர் ஊராகப் பரவிவிட்டது. அடுத்த பத்தாம் நாள், 23 வருஷம் ஏகபோகமாக ஆண்ட பென் அலி விமானம் ஏறி ஸௌதி அரேபியாவுக்கு ஓடிப் போனார்.

பக்கத்து நாடுகளிலும் இந்தக் கிளர்ச்சி பரவியது. எகிப்தில் முபாரக் வீழ்ந்தார். ஆனால் 2013-ல் ராணுவம் அதிகாரத்தைக் கைப்பற்றியது. லிபியாவில் கடாபி மாண்டார். பின்னர் உள்நாட்டு யுத்தம் மூண்டது. டுனீஷியா மட்டும் தப்பியது. அங்கே 2011 அக்டோபரில் 217 அங்கத்தினர் கொண்ட அரசியல் நிர்ணய சபை தேர்ந்தெடுக்கப்பட்டது. 2013-ல் எதிர்க்கட்சித் தலைவர்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது தேசமே கிடுகிடுத்தது. தொழிலாளர் சங்கமும், முதலாளிகள் சங்கமும், வக்கீல்களும், மனித உரிமைக் கழகத்தாரும் நடுவே நின்று கட்சிகளைச் சமரசப்படுத்தினார்கள். 2014 ஜனவரியில் புதிய அரசியல் சட்டம் நிறைவேறியது. சமரசம் செய்து வைத்த நால்வர் அணிக்கு 2015-ல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

ஆனால் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாயிற்று பின்னால் நடந்தது!

தேசத்துக்கு ஆபத்து நேர்ந்தால் ஜனாதிபதி விசேஷ அதிகாரங்களைக் கையாளலாம் என்று அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. முப்பது நாட்களுக்குப் பிறகு அவை நீடிக்க வேண்டுமா என்று கேட்டு அரசியல் சட்ட நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் விதித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நீதிமன்றம் அமைக்கப்படவே இல்லை! நீதிபதிகளாக யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் கட்சிகள் வருஷக் கணக்காகப் பிணங்கிக் கொண்டிருந்தன. கதவு வைத்தார்கள், தாழ்ப்பாள் வைக்க மறந்தார்கள்.

இதற்கிடையில் மந்திரிசபைகள் மாறின; வேலையில்லாத் திண்டாட்டம் மாறவில்லை. பட்டம் பெற்ற வாலிபர்கள் வேலையின்றி வீதியில் நின்றார்கள். பலர் படகேறி இத்தாலிக்குப் போகக் கடலில் துணிந்தார்கள். "சுதந்திரம் வந்தது, சோறு எங்கே?" என்று ஏழை கேட்டால் அவனைக் குறை சொல்ல முடியுமா?

2019-ல் எந்தக் கட்சியையும் சேராத சட்டப் பேராசிரியர் கைஸ் ஸயீத் ஏராளமான ஓட்டுக்களைப் பெற்று ஜனாதிபதியானார். 2021 ஜூலை 25-ந் தேதி அவர் பிரதம மந்திரியை நீக்கிப் பார்லிமெண்டையும் முடக்கினார். அன்றிரவு ஜனங்கள் திரண்டு ஆரவாரம் செய்தார்கள். அவர்கள் சர்வாதிகாரத்தை விரும்பியவர்கள் அல்லர். சச்சரவிலும் வறுமையிலும் சலித்துப் போனவர்கள். 2022-ல் ஜனாதிபதிக்கே பேரதிகாரம் தரும் புதிய அரசியல் சட்டம் வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறை புகுந்தார்கள். 2024 தேர்தலில் ஸயீத் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஓட்டுப் பெற்றார். ஓட்டளிக்க வந்தவர்களோ நூற்றுக்கு முப்பது பேர்கூட இல்லை.

கொடுங்கோலன் ஓடிய தினத்தன்று சுதந்திரப் போராட்டம் முடிந்துவிட்டதாக எண்ணுவது பெரும் பிழை. ஏழையின் வயிற்றுக்கு வழி செய்வதும், ஆள்வோரைத் தட்டிக் கேட்க ஒரு நீதி ஸ்தலத்தை நிறுவுவதும் அதற்குப் பிந்திய வேலைகள். அவற்றுக்கு மேளதாளமில்லை, ஊர்வலமில்லை. ஆயினும் அவைதான் அஸ்திவாரம். டுனீஷியாவின் புரட்சி பறிக்கப்பட்ட ஒரு தராசிலிருந்து தொடங்கியது. ஆள்வோரின் செயலை நிறுத்துப் பார்க்கும் தராசை மாட்டி வைக்கத் தவறியதால் அது தடுமாறிப் போயிற்று.